சத்தம் கேட்கவில்லை என்று எழுதிய சகோதரிக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

சபையில் ஒவ்வொருவராக எழுந்து "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது தலை குனிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். வருஷக்கணக்காக ஜெபித்தும் ஒரு சத்தமும் கேட்கவில்லையே, என் விசுவாசம் பொய்யோ என்று கேட்டிருந்தீர்கள். பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேவன் பேசுகிறார் என்பதில்தான் நம் விசுவாசம் தொடங்குகிறது. கேட்பதிலிருந்தே அது பிறக்கிறது என்றுதான் பவுலும் ரோமாபுரி சபைக்கு எழுதினார். ஆனால் அங்கே அவர் சொல்வது, அனுப்பப்பட்ட மனிதர் வாயால் வரும் சுவிசேஷத்தை. நள்ளிரவில் தனியாகக் காதில் விழும் குரலை அல்ல.

சாமுவேலின் கதையை மறுபடி வாசியுங்கள். சீலோவில் ஆலயத்திலேயே படுத்திருக்கும் பிள்ளை அவன். தேவனுடைய விளக்கு இன்னும் அணையவில்லை. உடன்படிக்கைப் பெட்டியும் அங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும் கூப்பிட்ட குரலை அவனால் அடையாளம் காண முடியவில்லை. மூன்று முறையும் ஆசாரியன் ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிடுவது யாரென்று கடைசியில் கண்டுகொண்டவர், பார்வை மங்கிய, சொந்தப் பிள்ளைகளை அடக்கத் தவறிய அந்த முதியவர்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்றிரவு சாமுவேல் கேட்டது, தன்னை வளர்த்தவரின் வீட்டின்மேல் வரப்போகும் நியாயத்தீர்ப்பு. விடிந்ததும் அதைச் சொல்லப் பயந்தான். வீடு, வேலை, வரன் என்று நாம் ஏற்கெனவே ஆசைப்பட்டதற்குச் சம்மதம் தரும் குரல்களைப் பற்றியே நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறேன். அவை எல்லாமே பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு குரல் என் விருப்பத்தை ஒருமுறைகூட மறுத்ததில்லை என்றால், பேசுவது நானேதானோ என்று நான் சந்தேகப்பட வேண்டும்.

குரல் கேட்டவர்களுக்கும் பிறகு மௌனம் வரலாம். அன்னை தெரசாவுக்கு 1946 செப்டம்பர் 10 அன்று, டார்ஜிலிங் போகும் பயணத்தில், ஏழைகளிடம் போகும் அழைப்பு கிடைத்தது. தன் ஆன்ம குருவிடம் சொன்னார். விஷயம் கல்கத்தா பேராயர் வரை போயிற்று. பேராயர் உடனே சம்மதிக்கவில்லை. தெரசா எழுதியும் காத்திருந்தும், 1948 ஆகஸ்டில்தான் மடத்தை விட்டு வெளியே வந்தார். அதன்பின் அவருக்குள் கவிந்த மௌனம், நடுவில் சிறிது காலம் தவிர, கிட்டத்தட்ட இறுதிவரை நீடித்தது. 2007இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தபோது இது பரவலாகத் தெரியவந்தது, பலர் அதிர்ந்தார்கள். எனக்கோ அவர்மேல் மரியாதை கூடிற்று. ஒருமுறை கேட்டதை, பிறகு ஒன்றும் கேட்காத வருஷங்களிலும் செய்துகொண்டே இருந்தாரே!

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் சிறியது, 16 அதிகாரங்கள்தான். நாளுக்குக் கொஞ்சம், உங்கள் காதிலேயே விழும்படி வாய்விட்டு வாசியுங்கள். வாசித்தபின் விண்ணப்பங்களை அடுக்காமல் சற்று நேரம் சும்மா உட்காருங்கள். அன்றைய பகுதியில் இயேசு ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் அதைச் செய்துபாருங்கள். ஏதாவது திரும்பத் திரும்ப மனதை உறுத்தினால், சாட்சியாகச் சொல்வதற்கு முன்பே, நீங்கள் நம்பும் ஒரு மூத்த விசுவாசியிடம் போய்ப் பேசுங்கள். அவர் குறையில்லாதவராக இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள். ஏலியும் அப்படி இருக்கவில்லை.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்