வைத்தியரிடம் சொல்லாமல் விட்டது



உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் 'ஹவுஸ்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரின் பெயர் அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். 2004ஆம் ஆண்டிலிருந்து 2012 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாகி முடிந்த தொடர் அது. முடிந்து இத்தனை வருடங்களாகியும் பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறார்கள். அதன் நாயகர் ஒரு வைத்தியர். ஊன்றுகோல் பிடித்து நடப்பவர், எவரையும் மதித்துப் பேசாதவர். "எல்லாரும் பொய் சொல்லுகிறார்கள்" என்பதே அவருடைய வேதவாக்கு. பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டத்தக்க மனிதரல்லர். ஆயினும் அத்தொடரின் ஒரு கதை நம் குடும்பங்களுக்குப் பிரயோசனமானது. ஆகையால் அதை இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

2006ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒளிபரப்பான கதை அது. இருதய மாற்றுச் சத்திர சிகிச்சை பெற்ற ஓர் இளம் பெண். தூசி, உணவு என்று எதைத் தொட்டாலும் அவளுக்கு ஒவ்வாமை. பெற்றோர் அவளுடைய அறையைக் கண்ணாடிபோல் துடைத்து, கிருமி ஒன்றும் அண்டாதபடி காவல் காக்கிறார்கள். அப்படியிருந்தும் அவள் திடீரென நோயில் விழுகிறாள். முதலில் ஒவ்வாமை என்கிறார்கள், பின்பு இருதயம் என்கிறார்கள். அதன் பின்பு கால்கள் செயலற்று, அந்தச் செயலின்மை மேல்நோக்கி ஏறுகிறது. ஒவ்வொரு நிர்ணயமும் பிழைத்துப் போகிறது. கடைசியில் பார்த்தால், அவள் உடம்பில் யாரும் பார்க்கத் துணியாத மறைவிடத்தில் ஓர் உண்ணி ஒட்டியிருக்கிறது. அதன் உமிழ்நீரிலுள்ள நஞ்சே கால்களை முடக்கியது. உண்ணியைப் பிடுங்கியதும் பெண் தேறுகிறாள். பெற்றோர் அறியாமல் அவளிடம் வந்துபோன இளைஞனே அதை வெளியிலிருந்து கொண்டுவந்தவன்.

இது வெறும் நாடகந்தானே என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒதுக்கிவிட முடியாதபடி ஜேர்மனியில் ஒரு சம்பவம் நடந்தது. 2012 மே மாதம் மார்பேர்க் நகரப் பல்கலைக்கழக வைத்தியசாலைக்கு 55 வயதான ஒருவர் அனுப்பப்பட்டார். இருதயம் பலவீனம், பார்வை மங்கல், காது மந்தம், காரணம் தெரியாத காய்ச்சல். பேராசிரியர் யூர்கன் ஷேஃபர் என்பவர் 'ஹவுஸ்' தொடரைத் தம் மாணவர்களுக்குப் பாடமாகக் காட்டி வந்தவர். இடுப்பு மூட்டிலே வைத்த உலோகம் தேய்ந்து, கோபால்ற் நஞ்சு இரத்தத்தில் கலந்த ஒரு கதை அவருக்கு நினைவுக்கு வந்தது. இந்த நோயாளிக்கும் 2010இல் உடைந்த பீங்கான் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். மிஞ்சிக் கிடந்த பீங்கான் துகள்கள் அந்த உலோகத்தை அராவிக்கொண்டிருந்தன. 2014இல் 'லான்செற்' மருத்துவ சஞ்சிகையில் இது வெளிவந்தது. மூட்டை மாற்றியபின் இருதயம் ஓரளவு தேறியது. கண்ணும் காதும் அவ்வளவாகத் தேறவில்லை. நோயின் காரணம் தெரியப் பிந்தினால் திரும்பி வராதவையும் உண்டு.

இனி நம் கண்டிப் பக்கத்துக்கு வருவோம். உண்ணி என்றதும் நாய்க்கும் மாட்டுக்கும் உரிய தொல்லை என்றுதான் நினைக்கிறோம். நம் மலைகளிலுள்ள உண்ணி, கதையில் வருவதுபோல் காலை முடக்குவதைவிடக் காய்ச்சலைக் கொடுப்பதே அதிகம். 'ரிக்கெற்சியா' என்னும் நுண்கிருமியால் வருவது அந்தக் காய்ச்சல். ஹாவார்ட் ரிக்கெற்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரையே அக்கிருமிக்கு இட்டார்கள். மலைப்பிரதேசத்துப் புள்ளிக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று 1906ஆம் ஆண்டளவில் காட்டியவர் அவர். 1910இல் மெக்சிக்கோவில் அதே இனத்தைச் சேர்ந்த டைபஸ் காய்ச்சலை ஆராயும்போது அந்நோயே தொற்றி மரித்தார். இதற்குச் சகோதரமான இன்னொரு காய்ச்சலைப் புதர்களிலுள்ள மிகச் சிறிய சிற்றுண்ணி பரப்புகிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மாக் காடுகளில் நேச நாட்டுப் படைகளை வாட்டியது அதுதான். 1944இல் அந்தப் படைகளுக்குத் தலைமை தாங்கிய மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் நம் பேராதனைப் பூங்காவில் இருந்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

மத்திய மலைநாட்டிலே இந்தப் புள்ளிக் காய்ச்சல் பரவலாக உண்டு என்பதைப் பேராதனை மருத்துவபீடத்தின் பேராசிரியர் குலரட்ணவும் அவருடன் உழைத்தவர்களும் 2003இல் எழுதி வெளியிட்டார்கள். தொடக்கத்தில் இது டெங்கு போலவும் நெருப்புக்காய்ச்சல் போலவும் இருக்கும். மூட்டுகள் வீங்கினால் வாதம் என்று தோன்றும். சிவந்த புள்ளிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரலாம். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கும், பலருக்கு இராது. பென்சிலின் வகை மருந்துகள் இதற்கு உதவா. டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்து உதவுகிறது. அதைத் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் தணிந்துவிடும். ஆனால் இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆகவே வைத்தியர் சந்தேகப்பட வேண்டும். அவர் சந்தேகப்பட வேண்டுமானால் நாம் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் மலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயை வைத்தியசாலையில் அனுமதித்திருந்தார்கள். நோயில்பூசுதல் கொடுக்க என்னை அழைத்தார்கள். ஒன்பது நாட்களாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்றாகிவிட்டது. மூட்டு வாதமாயிருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் பூசுவதற்காக அவருடைய கைகளை விரித்தேன். உள்ளங்கை நிறையச் சிவந்த புள்ளிகள். அவர் சட்டென்று கையை மூடிக்கொண்டார்.

விசாரித்தபோது மாமியார் மெதுவாகச் சொன்னார்: "அது அம்மா போட்டிருக்கு, சாமி. அதுக்கு இங்கிலீசு மருந்து குடுக்கக்கூடாது. அதனாலதான் டாக்டர்கிட்டச் சொல்லல." ஞானஸ்நானம் பெற்று நாலு தலைமுறையான குடும்பம்! கோபித்துப் பயனில்லை. வீட்டிலே வேப்பிலையும் கட்டியிருந்தார்களாம்.

அதைவிட என் மனதை உறுத்தியது வேறொன்று. அங்கிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது, தாய்க்குச் சிங்களம் தெரியாது. பன்னிரண்டு வயது மகனே மொழிபெயர்த்துக்கொண்டு நின்றான். "உடம்பில் வேறெங்காவது புள்ளி, புண் உண்டா?" என்று வைத்தியர் கேட்காமலில்லை. மகனிடம் "இல்லை" என்றுதான் தாய் சொல்லியிருக்கிறார். "தொடையில இருக்கிறத ஆம்பளப் புள்ளகிட்ட எப்படி சாமி சொல்றது?" என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். இது பொய்யா? அந்தத் தொலைக்காட்சி வைத்தியர் பொய் என்றுதான் எழுதிக்கொள்வார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தமிழும் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அரச கரும மொழிதான். ஆனால் ஒரு நோயாளியின் கட்டிலருகே, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தன் மொழியில் பேசும் வசதி சட்டத்தால் மட்டும் வந்துவிடவில்லை. கண்டியில் இருமொழியும் தெரிந்த நம் சகோதரிகள் எத்தனை பேர்! அயலவர் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அரை நாள் ஒதுக்கிக் கூடப் போவதும் நோயாளரைச் சந்திக்கும் இரக்கச் செயல்தான்.

தமிழ் தெரிந்த ஒரு தாதியை அழைத்துவந்தோம். திரையை இழுத்துவிட்டுப் பேசினார்கள். வீட்டோடு ஒட்டி ஆட்டுப்பட்டி இருப்பதும், தினமும் பற்றைக்குள் புல் அறுக்கப் போவதும், கடைப் பாமசியில் வாங்கிய குளிசைகளை ஐந்து நாள் விழுங்கியதும் அப்போதுதான் வெளிவந்தன. வைத்தியர் அன்றே மருந்தை மாற்றினார். நான்காம் நாள் அந்தத் தாய் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார்.

வைத்தியரிடம் போகுமுன் வீட்டிலே இருந்து எழுதிக்கொள்ளுங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதி, விழுங்கிய மருந்துகள் (நாட்டு மருந்தும்தான்), வேலை செய்யும் இடம், வளர்க்கும் பிராணிகள், அண்மையில் போய்வந்த ஊர், முன்பு செய்த சத்திர சிகிச்சை. காய்ச்சல்காரரின் அக்குள், தொடையிடுக்கு, காதுப்புறம், தலைமயிர் எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளிச்சத்தில் பார்க்கட்டும். உண்ணியைக் கண்டால் நசுக்கவோ நெருப்பால் சுடவோ வேண்டாம். சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள்.

அந்தத் தாய் அடுத்த மாதம் கிளினிக்குக்குப் போனபோது நாத்தனார் கூடப் போனார். மகன் தன் கொப்பியில் எல்லாவற்றையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தனுப்பியிருந்தான். உண்ணிக்கு மட்டும் சிங்களச் சொல் தெரியாமல் எட்டுக் கால்களோடு அதன் படத்தைக் கீறியிருந்தான்.