செங்காந்தளுக்கு ஏற்ற மண் எது?

பள்ளித் தோட்டத்தில் நான் முதன்முதலில் வைத்த செங்காந்தள் பூக்கவே இல்லை. ஆடியில் நட்ட ஐந்து கிழங்குகளும் முளைத்தன. கொடிகள் முழங்கால் உயரம் வளர்ந்தன. ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்ததும் இலைகள் மஞ்சளாகித் தலை சாய்ந்தன. தோண்டிப் பார்த்தால் கிழங்குகள் கூழாகிக் கிடந்தன.

தவறு என்னுடையது. அதை நடுவதற்கு முன்பே ஒரு மாணவி எச்சரித்திருந்தாள்.

மூலனூரில் செங்காந்தள் அபூர்வமான செடி அல்ல. திருப்பூர் மாவட்டம் என்றால் பலருக்குப் பனியன் கம்பெனிதான் நினைவுக்கு வரும். ஆனால் தாராபுரம் வட்டத்தில் இருக்கும் எங்கள் பகுதி பருத்தி, முருங்கை, கண்வலிக்கிழங்கு விளையும் பூமி. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைத்தான் எங்கள் விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்கிறார்கள். விதைக்காகப் பயிரிடுகிறார்கள். கிழங்கின் வடிவத்தை வைத்துக் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வதுண்டு.

பள்ளித் தோட்டத்தின் ஒரு மூலையில் குழாய்த் தண்ணீர் போய்ச் சேரும் தாழ்வான இடம் இருந்தது. கரிசல் மண். அதன்மேல் குளத்து வண்டலும் மட்கிய சாணமும் கொட்டி நிரப்பினேன். சத்தான மண்ணில் எந்தச் செடியும் செழிக்கும் என்பது என் எண்ணம். அருகில் நின்ற ஏழாம் வகுப்பு மாணவி, "டீச்சர், இந்த மண்ணுல வெச்சா கெழங்கு அழுகிப் போயிருமுங்க" என்றாள். வாசிக்கத் திணறும் பிள்ளை அவள். வகுப்பில் வாய் திறப்பதே அரிது. "வண்டல்ல சத்து ஜாஸ்தி கண்ணு, நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

கிழங்குகள் அழுகியபின் அவளை அழைத்து, "உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "எங்க காட்டுல பள்ளத்துல வெச்சதெல்லாம் அப்படித்தாங்க போச்சு. மேட்டுச் செம்மண்ணுல வெச்சது நின்னுச்சுங்க" என்றாள். அடுத்த ஆண்டு மண் பாடத்தை அந்தப் பதிலிலிருந்தே தொடங்கினேன்.

ஒரு கேள்வி

கரும்பலகையில் மூன்று இடங்களை எழுதினேன். சங்க இலக்கியத்தில் காந்தள் பூக்கும் குறிஞ்சி நில மலைச்சரிவு. கண்வலிக்கிழங்கு விளையும் வேதாரண்யத்துக் கடலோர மணல். எங்கள் மூலனூர்ச் செம்மண் காடு. உயரமும் மழையும் வேறுவேறாக உள்ள இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவானது எது?

வெயில், காற்று, கல் என்று பல விடைகள் வந்தன. கடைசியில் அந்த மாணவிதான் சொன்னாள்: "மூணு எடத்துலயும் தண்ணி நிக்காதுங்க டீச்சர்."

மண்ணைச் சோதித்தோம்

விடை சரியா என்று பார்க்க, மாணவர்கள் தங்கள் காடுகளிலிருந்து செம்மண், கரிசல், வாய்க்கால் வண்டல் மூன்றும் கொண்டுவந்தார்கள். செலவில்லாத நான்கு சோதனைகளைச் செய்தோம்.

1. உருட்டல் சோதனை: ஈர மண்ணைக் கையில் உருட்ட வேண்டும். மணல் அதிகமானால் உருண்டை உடையும். களி அதிகமானால் ரிப்பன்போல நீளும். எங்கள் செம்மண் உருண்டையாக நின்று, விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது.

2. பாட்டில் சோதனை: பாட்டிலில் பாதி மண், பாதிக்கு மேல் தண்ணீர். குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் படியும். வண்டல் படியச் சில மணி நேரமாகும். களித்துகள் மறுநாளும் மிதந்து நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். படிந்த அடுக்குகளை அளவுகோலால் அளந்து விகிதம் கண்டார்கள். அது கணக்குப் பாடமும் ஆயிற்று.

3. வடிதல் சோதனை: அடிப்பகுதியை வெட்டிய பாட்டில்களைக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஒரே அளவு மண் நிரப்பி, 200 மில்லி தண்ணீர் ஊற்றினோம். செம்மண்ணிலிருந்து உடனே சொட்டத் தொடங்கியது. கரிசல் பாட்டிலின் மேல், பாடவேளை முடிந்த பிறகும் தண்ணீர் நின்றது.

4. குழிச் சோதனை: தோட்டத்தில் ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பினோம். அது வற்றியபின் மறுபடியும் நிரப்பினோம். மேட்டில் தோண்டிய குழி சீக்கிரமே வற்றியது. என் பழைய பாத்தியில் மறுநாள் காலையிலும் தண்ணீர் கிடந்தது.

இவற்றோடு அமில காரத் தன்மையும் முக்கியம். செங்காந்தளுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. மண்ணில் சில சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அறியலாம். சரியான எண் வேண்டுமானால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கிழங்கு ஏன் அழுகியது?

செங்காந்தள் பல ஆண்டுத் தாவரம். பூத்துக் காய்த்தபின் கொடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் உறங்கி, அடுத்த பருவத்தில் மறுபடி முளைக்கும். அந்தக் கிழங்கும் வேரும் சுவாசிக்க வேண்டும். மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் காற்று இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் காற்று வெளியேறி, ஆக்சிஜன் குறைந்து, பூஞ்சை தாக்குகிறது. நான் கொட்டிய சத்து கிழங்குக்குப் பயன்படவில்லை.

இன்னொரு காரணத்தை ஒரு மாணவனின் தந்தை சொன்னார். கிழங்கின் முனையில்தான் முளை வரும். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. இறுகிய மண்ணில் தோண்டும்போது முனை ஒடிந்துவிடும். பொலபொலப்பான மண்ணில் முழுதாக எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

செங்காந்தளின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின் கீல்வாத மருந்துக்குப் பயன்படுகிறது. அதே பொருள் உள்ளே போனால் உயிரைப் பறிக்கும். இதைத் தலைமை ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி அனுமதி பெற்றேன். கையுறை அணிந்து கிழங்கை நட்டது நான் மட்டுமே. செடியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டோம். காய் முற்றுமுன் பறித்து அப்புறப்படுத்தினேன். மாணவர்கள் தொட்டது மண்ணை மட்டும்தான். வேலியும் கண்காணிப்பும் இல்லாத பள்ளியில், தொடக்கப் பள்ளியில் இதை நட வேண்டாம். சோதனைகளைச் செம்பருத்திக்காகச் செய்தாலும் பாடம் குறையாது.

இரண்டாம் ஆண்டு

மேட்டில் ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் பாத்தி அமைத்துக் கொஞ்சம் மட்கிய தொழுவுரம் கலந்தோம். அந்த ஐப்பசியிலும் மழை பெய்தது. கொடிகள் இலை நுனிச் சுருளால் கம்பியைப் பற்றி ஏறின. கார்த்திகையில் பூத்தன. அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகப் பின்னோக்கி வளைந்த ஆறு இதழ்களையும், சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கியிருப்பதையும் வேலிக்கு வெளியே நின்று வரைந்தார்கள்.

கிழங்கு அழுகிய பழைய பாத்தியை என்ன செய்வது என்று கேட்டேன். ஈரத்தைத் தாங்கும் கல்வாழையை வைக்கலாம் என்றார்கள். வைத்தோம். இன்று அது அடர்ந்து பூக்கிறது. நல்ல மண், கெட்ட மண் என்று எழுதியிருந்த என் பழைய பாடக்குறிப்பில், 'எந்தச் செடிக்கு?' என்ற கேள்வியையும் சேர்த்துவிட்டேன்.

மண் பாடத்தை நான் இப்போது புத்தகத்தைத் திறந்து தொடங்குவதில்லை. "உங்க காட்டுல என்ன மண்ணு? அதுல எது வராது?" என்று கேட்டுத் தொடங்குகிறேன். அந்த மாணவி எட்டாம் வகுப்பில் தன் சோதனைக் குறிப்பைத் தானே எழுதி, எழுத்துக்கூட்டி வகுப்பில் வாசித்தாள். அரைப் பக்கம்தான். வாசித்து முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை.