அணுக்கருக் காந்த ஒத்ததிர்வும் அதன் பயன்களும்

ஒரு பொருளின் உள்ளமைப்பை அறிய விரும்பிய ரசாயன நூலார் முற்காலத்தில் அதனைச் சிதைத்தே ஆராய்ந்து வந்தனர். சுட்டும், கரைத்தும், அமிலங்களோடு கூட்டியும் துண்டு துண்டாகப் பிரித்து, அத்துண்டுகளைக் கொண்டு முழுப்பொருளின் வடிவை ஊகித்தனர். பொருளைச் சிதைக்காமல், அதன் அணுக்களையே வினவி விடை பெறும் முறை ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. அதுவே அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை. அதன் இயல்பையும், முதலில் இடையூறாகக் கருதப்பட்ட ஒன்று அதன் தலையாய பயனாக மாறிய வரலாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஹைட்ரஜன் முதலிய சில தனிமங்களின் அணுக்கருக்கள் தற்சுழற்சி உடையன. மின்னேற்றமும் உடையனவாதலின், ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம் போல் ஒழுகும். சுழலும் பம்பரம் சாய்ந்தவிடத்து உடனே விழாமல், தலையை வட்டமாக ஆட்டிக்கொண்டு சுழல்வதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். வலிய காந்தப் புலத்தில் வைக்கப்பெற்ற அணுக்கருவும் அவ்வாறே புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டுகின்றது. புலம் வலுக்க வலுக்க ஆட்டமும் விரைவுறும். ஒரு டெஸ்லா அளவுள்ள புலத்தில் ஹைட்ரஜன் கரு வினாடிக்கு ஏறக்குறைய 4 கோடியே 26 லட்சம் முறை ஆடும். அதே வேகத்தில் அதிரும் ரேடியோ அலை வந்து சேர்ந்தால், கரு அதன் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும். வேகம் வேறுபடின் ஏற்காது. ஒரே சுருதியில் கூட்டப்பட்ட இரு தந்திகளுள் ஒன்றை மீட்ட, மற்றொன்று தானே ஒலிப்பது போன்றது இது. ஆதலின் ஒத்ததிர்வு எனப் பெயர் பெற்றது.

1938-இல் அமெரிக்க நாட்டுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இராபி என்பார் மூலக்கூறுகளின் கற்றையில் இவ்வதிர்வைக் கண்டறிந்தார். 1945-ஆம் ஆண்டின் இறுதியில் ஹார்வர்டில் பர்செல், டோரி, பவுண்டு என்னும் மூவர் பாரபின் மெழுகிலும், அடுத்த சில வாரங்களில் ஸ்டான்போர்டில் பிளாக்கும் அவர்தம் துணைவரும் நீரிலும் இதனைக் கண்டனர். பர்செலும் பிளாக்கும் 1952-இல் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். இவர்கள் தேடிய குறி மிகவும் நுண்ணியது. அறை வெப்பநிலையில் புலத்தோடு இணங்கி நிற்கும் கருக்களும் எதிர்த்து நிற்கும் கருக்களும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். 1.4 டெஸ்லா புலத்தில் பத்து லட்சம் ஹைட்ரஜன் கருக்களை எடுத்துக்கொண்டால், இணங்கி நிற்பவை மிகுந்திருப்பது ஏறக்குறைய ஐந்தே. அவ்வைந்தின் குரலையே கருவி கேட்டாக வேண்டும்.

பௌதிக நூலாரின் நோக்கம் ஒவ்வொரு கருவின் காந்த வலிமையையும் துல்லியமாக அளப்பதே. ஒரு தனிமத்தின் ஒருவகைக் கரு எங்கிருந்தாலும் ஒரே குறி தரும் என அவர்கள் எதிர்பார்த்தனர். 1950-இல் ஸ்டான்போர்டில் பிராக்டர், யூ என்னும் இருவர் நைட்ரஜனை அளக்க வேண்டி அம்மோனியம் நைட்ரேட் உப்பினை எடுத்துக்கொண்டனர். ஒரு குறிக்கு மாறாக இரண்டு தோன்றின! அவ்வுப்பில் ஒரு நைட்ரஜன் ஹைட்ரஜன்களாலும், மற்றொன்று பிராணவாயு அணுக்களாலும் சூழப்பட்டுள்ளது. சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் குடை வெயிலை மறைப்பதுபோல் புலத்தின் ஒரு சிறு பகுதியைக் கருவுக்கு எட்டாமல் மறைக்கின்றன. குடை இடத்துக்கு இடம் வேறுபடுதலின் குறியும் இடம் பெயர்கின்றது. கருவை மட்டும் அளக்க விரும்பியவர்க்கு இது பெருந்தொல்லை.

ரசாயன நூலார்க்கோ அத்தொல்லையே புதையலாயிற்று. 1951-இல் ஆர்னால்டு, இந்தியராகிய தர்மட்டி, பக்கார்டு ஆகிய மூவர் எதில் ஆல்கஹாலை இம்முறையில் ஆராய்ந்தனர். அதன் மூலக்கூறில் ஆறு ஹைட்ரஜன்கள் உள்ளன: மூன்று ஒரு கரியணுவிலும், இரண்டு மற்றொரு கரியணுவிலும், ஒன்று பிராணவாயுவிலும் இணைந்திருக்கும். தோன்றிய குறிகள் மூன்று; அவற்றின் பரப்பளவு 3:2:1 என்னும் விகிதத்தில் இருந்தது. ஆல்கஹாலுக்குள்ள அதே அணுக்களை அதே எண்ணிக்கையில் கொண்ட டைமெதில் ஈதரிலோ ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே நிலையில் இருப்பதால் ஒரு குறியே தோன்றும். அணுக்களின் எண்ணிக்கையால் அறிய முடியாத வேற்றுமை இதனால் தெற்றென விளங்குகின்றது. தர்மட்டி பின்னர்ப் பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தார்.

அதன்பின் வளர்ச்சி விரைந்து நிகழ்ந்தது. ஒரே துடிப்பில் எல்லாக் குறிகளையும் எழுப்பிக் கணிதத்தால் பிரித்தறியும் வழியை எர்ன்ஸ்ட், ஆண்டர்சன் என்போர் 1966-இல் வெளியிட்டனர். நீரில் கரைந்துள்ள புரதங்களின் வடிவை உத்ரிக் என்பார் இம்முறையால் வரைந்து காட்டினார். புலத்தை இடத்துக்கு இடம் மாற்றிப் படம் எடுக்கலாம் என 1973-இல் லாட்டர்பர் காட்டியதிலிருந்து, மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. என வழங்கும் கருவி பிறந்தது.

குறியின் சிறு இடப்பெயர்ச்சி எத்துணைப் பெரும் பொருளுடையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். இரத்தம் உறையாமற் காக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது. 2008-இல் அமெரிக்க நாட்டில் அதனை ஊசி வழியே பெற்ற நோயாளர் பலர் திடீரென இரத்த அழுத்தம் தாழ்ந்து துன்புற்றனர்; சிலர் மாண்டனர். வழக்கமான தூய்மைச் சோதனைகளில் குறை ஒன்றும் தென்படவில்லை. காந்த ஒத்ததிர்வு நிறமாலையிலோ, தூய ஹெப்பாரினுக்குரிய ஒரு குறி 2.04 என்னுமிடத்தில் நிற்க, அதனருகே 2.15 அளவில் அயற்குறி ஒன்று காணப்பட்டது. ஹெப்பாரினைப் போலவே தோற்றமளித்த வேறொரு சல்பேட்டுப் பொருள் அதிற் கலந்திருந்தமை அதனால் வெளிப்பட்டது. அவ்விரு குறிகளுக்கும் இடையேயுள்ள தூரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கின் ஏறக்குறையப் பத்திலொரு பகுதியே. அதன்பின் அமெரிக்க மருந்து விதிநூலில் இச்சோதனையும் சேர்க்கப்பட்டது.

1950-இல் அளவையைக் கெடுப்பதாகத் தோன்றிய அதே பெயர்ச்சியே 2008-இல் நஞ்சைக் காட்டிக்கொடுத்தது. ஆதலின் ஆய்வுக்கூடத்தில் பயிலும் மாணவர், எதிர்பார்த்த விடையோடு பொருந்தாத அளவு ஒன்று கிடைப்பின், அதனை அழித்துவிடாமல் குறிப்பேட்டிற் பதிந்துவைப்பாராக. அது கருவியின் பிழையா, பொருளின் இயல்பா என்பதை மீண்டும் சோதித்துத் தெளிவதே நாம் மேற்கொள்ளத்தக்க நெறியாகும்.