மீறலும் ஒடுக்குமுறையும்

வழக்கில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக ஆளப்படும் சொற்கள் சில, நுணுகி நோக்கின் வேறு வேறு பொருள் தருவன. 'மீறல்', 'ஒடுக்குமுறை' ஆகியன அத்தகையவை.

மீறுதல் என்பது எல்லை கடத்தல். ஆகவே, மீறலுக்கு முன்பே ஒரு விதி இருத்தல் வேண்டும். 'ஒடுங்கு' என்னும் தன்வினையின் பிறவினை 'ஒடுக்கு'. 'ஒடுக்குமுறை' என்பது வினைத்தொகை. ஒடுக்கிய முறை, ஒடுக்குகின்ற முறை, ஒடுக்கும் முறை என முக்காலத்திற்கும் விரியும். அது ஒருநாள் நிகழும் செயலன்று. வழக்கமாகவும் சட்டமாகவும் நிலைபெறுவது.

இவ்வேறுபாட்டைத் தோள்சீலைப் போராட்டம் தெளிவுறுத்தும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதி. அங்கு நாடார் முதலிய சமூகப் பெண்கள் உயர்சாதியினரைப் போலத் தோள்சீலை அணிவதை வழக்கம் தடுத்தது. 1829ஆம் ஆண்டின் அரசாணையும் தடுத்தது. அணிந்த பெண்கள் தாக்கப்பட்டனர். அவர்தம் சீலைகள் கிழிக்கப்பட்டன. ஆயினும், ஆணையின் பார்வையில் விதியை மீறியவர் அப்பெண்களே! ஒடுக்குமுறையே விதியாகுமிடத்து, அதனை மீறுதல் உரிமைப் போராட்டமாகிறது.

1859 ஜூலை 26இல் மன்னர் உத்திரம் திருநாள் வெளியிட்ட ஆணை, அப்பெண்கள் மேலாடை அணிய இசைவளித்தது. அதன்பின் அவ்வாடையைப் பறித்தல் மீறலாயிற்று. எனினும், உயர்சாதியினரைப் போல அணியலாகாது என்னும் தடையை அவ்வாணை நீக்கவில்லை. ஒடுக்குமுறை முற்றும் ஒழிந்திலது.

விதி மீறப்பட்டதா என்று மட்டும் வினவினால் மீறலை அறியலாம். அவ்விதி அறத்தின்பாற்பட்டதா என்றும் வினவினாலே ஒடுக்குமுறையை அறிய இயலும்.

கற்பவை கற்றபின்

சட்டம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்தைத் தர மறுத்தல், பிறப்பைக் காரணங்காட்டிப் பொதுத்தெருவில் நடக்கத் தலைமுறைதோறும் தடைவிதித்தல் – இவற்றுள் மீறல் எது, ஒடுக்குமுறை எது? காரணத்துடன் கலந்துரையாடுக.