பழமும் பன்னீரும் பகையா?

சித்திரை வெக்கையில் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால் மதுரைக்காரர்கள் உடனே வாணலியை ஏற்றிவிடுகிறோம். பழம், பன்னீர், சீஸ் மூன்றையும் நறுக்கித் தட்டில் அடுக்கினால் அடுப்பே வேண்டாம். அதைச் செய்யவிடாமல் தடுப்பவை சில வீண் பயங்கள்.

நம்பிக்கை: பழத்தோடு பால் பொருள் சேர்ந்தால் வயிற்றில் திரிந்து நஞ்சாகும்.

உண்மை: வெறும் பால் குடித்தாலும் இரைப்பை அமிலம் பட்டுத் திரியத்தான் செய்யும், செரிமானம் தொடங்குவதே அப்படித்தான். பன்னீரோ ஏற்கெனவே புளிப்பு ஊற்றித் திரித்த பால். கொய்யாத் துண்டு சேர்வதால் அதில் நஞ்சு பிறக்காது. பால் குடித்தால் சிலருக்கு வயிறு உப்புவதற்குக் காரணம் பாலிலுள்ள லாக்டோஸ். நாள்பட்டு முதிர்ந்த செடார் போன்ற சீஸில் அது மிகக் குறைவு.

நம்பிக்கை: பன்னீரைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

உண்மை: பாலை நன்றாகக் காய்ச்சித்தான் பன்னீர் எடுக்கிறார்கள். கெடுதல் வருவது அதற்குப் பிறகு, கையாலும் திறந்த பாத்திரத்தாலும். ஆவின் போன்ற பாக்கெட் பன்னீரைத் தேதி பார்த்து, குளிர்ச்சி குறையாமல் வாங்குங்கள். நல்ல பன்னீரில் பால் மணம் இருக்கும். விரலில் வழுவழுப்போ மூக்கில் புளித்த வாடையோ பட்டால் தூக்கிப் போடுங்கள்.

நம்பிக்கை: இப்படித் தட்டு அடுக்க வெளிநாட்டுப் பழம் வேண்டும்.

உண்மை: நம்மைச் சுற்றி விளைவதே போதும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, சிறுமலை வாழை, ஆயக்குடி கொய்யா, பருவத்தில் நத்தம் மாம்பழம். கொறிக்க 2020-இல் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய். உப்பான சீஸுக்குத் திராட்சையின் இனிப்பு நன்றாகப் பொருந்தும். பன்னீருக்கும் கொய்யாவுக்கும் மிளகுத்தூள் தூவினாலே போதும்.

நம்பிக்கை: ரத்தச் சிவப்பான தர்பூசணி என்றால் சாய ஊசி போட்டது.

உண்மை: அந்தச் சிவப்பு லைகோபீன் என்ற இயற்கை நிறமி. ஊசி குத்திய பழம் துளை வழியே சீக்கிரம் அழுகிவிடும்; சாயமும் உள்ளே சீராகப் பரவாது. 2025 கோடையில் இந்தப் பயம் பரவி விலை சரிந்தபோது, பாடுபட்டு விளைவித்த தமிழ்நாட்டு விவசாயிகள் விற்க வழியில்லாமல் தவித்தார்கள். ஆதாரமில்லாத பேச்சை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அவர்களை நினைக்க வேண்டும்.

நம்பிக்கை: நறுக்கிய பழம் கறுத்தால் கெட்டது, பளிச்சென்று இருந்தால் நல்லது.

உண்மை: ஆப்பிளும் வாழையும் கறுப்பது பழத்திலுள்ள நொதி காற்றோடு சேர்வதால். எலுமிச்சைச் சாறு தடவினால் கறுப்பது தள்ளிப்போகும். நோய் தரும் கிருமி கண்ணுக்குத் தெரியாது. பளபளக்கும் துண்டிலும் பெருகும். நறுக்கிய பழமும் பன்னீரும் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். 40 டிகிரியைத் தொடும் மதுரைக் கோடைக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருந்தும்.

ஆகவே தோலோடு கழுவிய பிறகே பழத்தில் கத்தி வையுங்கள். கறி வெட்டிய கத்தியும் பலகையும் இதற்கு வேண்டாம். பாதியைத் தட்டில் வைத்து, மீதியை ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள். தட்டு காலியானதும் அடுத்த பாதியை எடுத்தால் போதும். எதோடு எதைச் சேர்க்கலாம் என்று கவலைப்படுவதைவிட, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று பாருங்கள்.