ஜிப்சம் தடுப்புச் சுவரைச் செப்பனிடும் முறை

தோட்டங்களை விட்டு ஜெலாப்பாங் போன்ற ஈப்போ சுற்றுவட்டார வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய நம் குடும்பங்கள் பல. லயத்து வீட்டின் மரப்பலகையையும் செங்கல்லையும் நன்கறிந்த நமக்கு, அறைகளைப் பிரிக்க இக்காலத்தில் எழுப்பப்பெறும் ஜிப்சம் பலகை சற்றுப் புதியதே. இரண்டு தடித்த தாள்களுக்கிடையே ஜிப்சம் மாவை இறுக வைத்துச் செய்யப்படுவது அது. தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழும். கதவின் கைப்பிடி மோதினாலே ஓட்டை விழும். அதனைச் சிமெண்டு கொண்டு அடைப்போர் உண்டு. சிமெண்டு அத்தாளில் பற்றி நில்லாது. சில மாதங்களில் வெடித்து உதிரும்.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பழைய வீடுகளில் காணும் சாம்பல் நிறக் கடினத் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவையாக இருக்கலாம். கண்ணால் பார்த்து அதனை உறுதி செய்ய இயலாது. அத்தகடுகளைத் தேய்க்கவோ, அறுக்கவோ, துளையிடவோ கூடாது. அவற்றினின்று எழும் நுண்ணிய இழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை விளைவிக்கக் கூடியவை. தோட்ட வீடாயின், உடைந்த தகட்டைப் பற்றி நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். தொழிலாளர்க்கு அளித்த வீட்டை நல்ல நிலையில் பராமரிப்பது, 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி முதலாளியின் கடமையாகும்.

இனி ஜிப்சம் சுவருக்கு வருவோம். பலகை ஈரத்தால் ஊறியிருந்தால் முதலில் கூரை ஒழுக்கை நிறுத்த வேண்டும். ஊறி மென்மையான பகுதியை வெட்டி அகற்றுவதன்றி வேறு வழியில்லை. உள்ளே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வெட்டுதல் வேண்டும்.

ஓட்டையைச் சதுரமாக வெட்டுக. அதைவிட நீளமான மரச்சட்டம் ஒன்றை உள்ளே நுழைத்து, இருபுறமும் திருகாணியால் சுவரோடு பிணைக்கவும். அதே கனமுள்ள பலகைத் துண்டைப் பொருத்தி, அச்சட்டத்தில் முடுக்குக. திருகாணியின் தலை தாளைக் கிழிக்காமல் சற்றே அமிழ வேண்டும். பால் வெட்டும்போது மரத்தில் காயம் படாமல் மெல்லிய பட்டையைச் சீவும் உங்கள் கைக்கு இந்த நிதானத்தை நாம் கற்பிக்கத் தேவையில்லை. கிழிந்து தொங்கும் தாளைச் சீராக வெட்டி, அவ்விடத்தில் அடிச்சாயம் தடவுக. இன்றேல் பட்டியின் ஈரத்தால் தாள் கொப்பளிக்கும்.

இணைப்புகளின்மேல் வலைப்பட்டை ஒட்டிப் பட்டி பூசுக. பலரும் தவறுவது இங்கேதான். மேடு பள்ளத்தை ஒரே தடவையில் மறைக்க எண்ணித் தடிப்பாக அப்புகின்றனர். அது காயும்போது சுருங்கி வெடிக்கிறது. மூன்று மெல்லிய பூச்சுகள் போதும். முதற்பூச்சு சுமார் 10 சென்டிமீட்டர் அகலம், அடுத்தது 20, இறுதியானது 30 என விரிந்து சென்றால் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாது. ஒவ்வொன்றும் முழுதும் உலர வேண்டும்; மாலை மழை தவறாத நாட்களில் ஒரு முழு நாள் விடுவதே நன்று.

உலர்ந்தபின் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கவும். கைவிளக்கைச் சுவரோரமாகச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத மேடுகள் நிழலாகத் தோன்றும். தூசியைத் துடைத்து, பட்டி பூசிய இடமெங்கும் அடிச்சாயம் இடுக. பட்டி சாயத்தை உறிஞ்சுவதால், அடிச்சாயமின்றிப் பூசிய இடம் மங்கலான திட்டாகவே நிற்கும். பிறகு அந்த இடத்திற்கு மட்டுமன்றி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவருக்கும் உருளையால் இருமுறை சாயம் பூசுக.