சொல்லை முகர்ந்து பார்த்து எழுதுங்கள்

மொழிபெயர்ப்பில் இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

அபூர்வமான ஆங்கிலச் சொல் எதிர்ப்பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். ‘பெட்ரிகோர்’ என்ற ஒரே சொல்லை வைத்துச் சொல்கிறேன். காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் எழும் வாசனைக்கு அந்தப் பெயர்.

1. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்தைப் பார்த்து ‘பெட்ரிச்சோர்’ என்று படிப்பவர்கள் உண்டு. கோரஸ், கெமிஸ்ட்ரி போலக் கிரேக்க வழி வந்த சொல் இது. ஆங்கிலத்தில் ‘ch’ வரும் இடத்தில் ‘க’ ஒலிதான்.

2. வேரைத் தேடுங்கள். ‘பெட்ரா’ என்றால் பாறை. ‘ஐகோர்’ என்பது கிரேக்கப் புராணத்தில் தேவர்களின் உடலில் இரத்தத்துக்குப் பதிலாக ஓடுவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சொல் மறக்காது.

3. பிறந்த கதையை விசாரியுங்கள். புராதனச் சொல் போல ஒலித்தாலும் இது பிறந்தது 1964இல். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இந்தப் பெயரை வைத்தார்கள். காய்ந்த பாறையையும் களிமண்ணையும் நீராவியில் வடித்தபோது கிடைத்த மஞ்சள் நிற எண்ணெய்க்கே அது முதலில் பெயர். வாசனைக்கு அந்தப் பெயர் பிறகுதான் பரவியது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்துச் அதே மணத்தைச் சந்தன எண்ணெயில் இறக்கும் மண் அத்தர் இந்தப் பெயருக்கும் வெகுகாலம் முந்தையது.

4. பக்கத்துச் சொல்லோடு குழப்பாதீர்கள். ‘ஜியோஸ்மின்’ என்பது மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வேதிப்பொருள். பீட்ரூட்டை நறுக்கும்போது வரும் மண்வாடையும் அதனுடையதே. மழை வாசனையில் அது ஒரு பங்கு மட்டும்.

5. நம் சொல்லையும் எடை போடுங்கள். ‘மண்வாசனை’ என்று நமக்கு அருமையான சொல் இருக்கிறது. ஆனால் வட்டார வாழ்வு மணக்கும் எழுத்தையும் ‘மண்வாசனை மிக்க கதை’ என்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. தொடக்க காலத்தில் நான் ஒரு நாவல் அறிமுகத்தை ஆங்கிலமாக்கியபோது ‘மண்வாசனை’ வந்த இடத்தில் பெட்ரிகோர் என்று போட்டுவிட்டேன். படித்தவர்கள் அதை மழையைப் பற்றிய நாவல் என்று எண்ணினார்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. உங்களுக்கு அது நேர வேண்டாம்.

6. இடம் பார்த்து எழுதுங்கள். அறிவியல் கட்டுரையில் அந்த எண்ணெயைக் குறித்தால் ‘பெட்ரிகோர்’ என்றே எழுதி ஒரு வரி விளக்கம் கொடுங்கள். கதையில் பாட்டி வாசலில் நின்று மூச்சை இழுத்தால் ‘மண்வாசனை’ போதும். அங்கே கிரேக்கம் வேண்டாம்.

7. அகராதியை மூடிவிட்டு வாசலுக்கு வாருங்கள். கத்திரி வெயிலில் வெடித்துக் கிடக்கும் தரையில் முதல் தூறல் விழட்டும். துளிக்கடியில் மாட்டிய காற்று குமிழியாகி மேலே வந்து வெடித்து, வாசனையைச் சுமந்த நுண்ணிய திவலைகளைத் தெறிக்கவிடுகிறது. 2015இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் இதைப் பதிவுசெய்தார்கள். மெல்லிய, மிதமான மழையில்தான் திவலைகள் அதிகம். கொட்டும் மழையில் குறைவு. முற்றத்தில் நின்றவருக்கு இது முன்பே தெரியும். அவர் மூன்று நாள் அடைமழைக்கு நடுவே மண்வாசனை வீசியதாக எழுதமாட்டார்.